ஆட்டக் கணக்கு

ஒரு மனுஷி ஒரு வாரம் முழுக்கக் கிள்ளிய கொழுந்தை ஒரே எண்ணாகச் சுருக்கிச் சொல்ல எனக்குத் தெரியும். நரிப்பாறை எஸ்டேட்டில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான். துரைக்குத் தெரியாது, ஃபாக்டரி ஆபீசருக்குத் தெரியாது, குன்னூர் முழுக்கத் தேடினாலும் இரண்டு பேர் கிடைத்திருந்தால் ஆச்சரியம். அந்தத் திமிரில்தான் எல்லாம் நடந்தது. பிற்பாடு யார் யார் தலையிலோ பழியைப் போட்டுப் பார்த்தேன். எதுவும் ஒட்டவில்லை.

என் பெயர் நூருல்லா. ஊட்டி மார்க்கெட்டில் அத்தாவுக்கு மளிகைக் கடை. கோயமுத்தூரில் இண்டர்மீடியட் படித்தேன். கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. இங்கிலீஷில் எவ்வளவு என்று சொல்லாமல் விடுவது மரியாதை. பெயிலானவனுக்குக் கடையில் உட்காரக் கூச்சமாக இருந்தது. ஜெகதளாவுக்கு மேலே இருந்த நரிப்பாறையில் ரைட்டர் வேலை கிடைத்ததும் ஓடிவந்துவிட்டேன். வந்தது இருபத்திரண்டில். நான் சொல்லப்போவது முப்பத்துமூன்று ஜனவரியில் நடந்தது. அதாவது, பதினோரு வருஷம் ஒரே நாற்காலி.

வேலை ஒன்றும் பெரிய வேலையில்லை. சாயங்காலம் பெண்கள் கூடையோடு எடை ஷெட்டுக்கு வருவார்கள். மேஸ்திரி லிங்கசாமி ஒவ்வொரு கூடையாக முள் தராசில் மாட்டி, முள் நிற்கும் இடத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வான். நான் அதில் ஐந்து பவுண்டைக் கழித்து ரெஜிஸ்டரில் எழுதுவேன், அந்த எடைக்குத்தான் கூலி. கழிக்கிற ஐந்துக்குக் கூடைக் கழிவு என்று பெயர். கூடையின் எடை இலைக் கணக்கில் வரக் கூடாதல்லவா, அதற்காக. எனக்கு முன்னால் இருந்த ரைட்டர் ஐந்து கழித்தார், நானும் கழித்தேன். லிங்கசாமி ‘முப்பது’ என்று கத்தினால் என் கை தானாக இருபத்தைந்து என்று எழுதும். நடுவில் நான் எதையும் யோசிப்பதில்லை. காது ஒன்றைக் கேட்கும், கை இன்னொன்றை எழுதும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் தேயிலை விலை பாதாளத்துக்குப் போயிருந்தது. உற்பத்தியைக் குறைக்கச் சொல்லி லண்டனிலிருந்து துரைக்குக் கடிதம் வந்தது. இலை குறைந்தால் கிள்ளுகிற கையும் குறையத்தானே வேண்டும். தொண்ணூறு பெண்களில் முப்பது பேரை அனுப்ப வேண்டும் என்று துரை என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். வேலை போனால் மூன்று நாளில் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும் என்பது எஸ்டேட் ரூல்.

எங்கள் துரை மற்ற துரைகளைப் போலக் கத்துகிறவர் இல்லை. படிக்கிற மனிதர். தோட்டக்காரர்களின் பத்திரிகை ஒன்றில், இலை ஒரு நாள் மலையாகவும் ஒரு நாள் மண்ணாங்கட்டியாகவும் வந்தால் ஃபாக்டரிக்கு நஷ்டம், தினமும் ஒரே அளவில் இலை கொண்டுவருகிறவள்தான் நல்ல தொழிலாளி என்று போட்டிருந்தார்களாம். அதனால் ஒவ்வொரு பெண்ணுக்கும் அந்த வாரத்தின் அதிக எடையிலிருந்து குறைந்த எடையைக் கழித்துப் பார்க்கச் சொன்னார். வித்தியாசம் அதிகமுள்ள முப்பது பேரை அனுப்பிவிடலாம் என்றார். போட்டுப் பார்த்தால், பட்டியலில் முதல் பெயர் கனகமணி.

கனகமணி யாரென்றால், அந்தப் பக்கத்து நாலு எஸ்டேட்டிலும் அவளைப் போலக் கிள்ள ஆளில்லை. தராசில் சாதாரணமாக நாற்பத்தைந்து நிற்கும். அவள் ஒரு நாள் ஐம்பத்தைந்து கொண்டுவருவாள், ஒரு நாள் முப்பத்தேழு. நிறையக் கொண்டுவருகிறவளுக்கு ஏற்ற இறக்கமும் பெரிதாகத்தான் இருக்கும். நோஞ்சான் பத்து பவுண்டிலிருந்து எங்கே இறங்குவது? துரை பட்டியலைப் பார்த்துவிட்டு, என் நல்ல பெண்களையெல்லாம் இந்தக் கணக்கு வெளியே தள்ளுகிறதே என்று முகம் சுளித்தார்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்குத்தான் தெரியுமே, சும்மா இருக்க முடியுமா? கோயமுத்தூரில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய, அட்டை போன ஒரு புத்தகம் என்னிடம் இருந்தது. அதிலிருந்து படித்ததைத் துரைக்குச் சொன்னேன். முதலில் ஆறு நாள் எடையின் சராசரி. ஒவ்வொரு நாளும் அந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது என்று பார்க்க வேண்டும். விலகலை அதனாலேயே பெருக்கி, ஆறையும் கூட்டி, ஆறால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் அவளுடைய பொதுவான விலகல் கிடைக்கும். அதோடு விட்டால் பழையபடி கனகமணிதான் மாட்டுவாள். அந்த விலகலை அவளுடைய சராசரியாலேயே வகுத்து நூறால் பெருக்க வேண்டும். அப்போது பெரிய கூடை, சின்னக் கூடை என்ற பேச்சே இல்லை. ஒவ்வொருத்தியையும் அவளை வைத்தே அளக்கிறோம். நூற்றுக்கு இத்தனை ஆடுகிறாள், அவ்வளவுதான்.

துரை இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு எழுந்து என் தோளில் தட்டினார். பதினோரு வருஷத்தில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. நூற்றுக்கு இருபதுக்கு மேல் போகிறவர்கள் வெளியே, இருபது வரை உள்ளே என்று கோடு போட்டார். ஒரு வாரத்து எடையை வைத்துக் கணக்கு என்று முடிவானது.

உண்மையைச் சொல்கிறேன், அப்போது என் மனதில் இருந்தது ராக்கம்மா. அவளுக்கு ஐம்பது வயதிருக்கும். வலது மணிக்கட்டு எப்போதோ முறிந்து கோணலாகக் கூடியது. உறைபனி விழுந்த காலைகளில் வெயில் ஏறும் வரை அது மடங்காது. எடை குறைவானவர்களை அனுப்புவது என்று வந்திருந்தால் அவள்தான் முதல் ஆள். அவள் புருஷன் மூக்கன் முன்பு தேயிலைச் செடிகளுக்குக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தவன். நெஞ்சில் நோய் வந்து ஒரு வருஷமாக லைன் வீட்டிலேயே கிடந்தான். ஆளை ஆட்டி அசைக்காமல் சூடாக வைத்துக்கொள், மலையிறக்கினால் தாங்க மாட்டான் என்று கம்பவுண்டர் சொல்லியிருந்தார். அவளுக்கு வேலை இருக்கும் வரைதான் அவனுக்குக் கூரை.

அவளுடைய ஆட்டம் சின்னது என்று எனக்குத் தெரியும். அந்த வாரம் லிங்கசாமி கத்திய எடைகள் என் காதில் அப்படியே இருந்தன. திங்கள் பதினேழு, செவ்வாய் இருபத்திரண்டு, புதன் பதின்மூன்று, வியாழன் பத்தொன்பது, வெள்ளி பதினான்கு, சனி பதினேழு. மனதிலேயே போட்டேன். சராசரி பதினேழு. விலகல் மூன்று. பதினேழில் மூன்று என்றால் நூற்றுக்குப் பதினேழரைச் சொச்சம். கோட்டுக்குள் பத்திரமாக இருந்தாள். சனிக்கிழமை எடை முடிந்து கூடையை எடுத்துக்கொண்டு போனவளைக் கூப்பிட்டு, உனக்கு ஒன்றுமில்லை, நீ போக வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டேன். பட்டியல் போடுவதற்கு முன்னால் இப்படிச் சொல்ல எனக்கு என்ன அவசரம்? நல்லவன் என்று பெயர் வாங்குகிற ஆசை, வேறென்ன.

மறுநாள் காலை எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் ஒரு முறம் அவரைக்காய் இருந்தது. லைன் வீட்டுக்குப் பின்னால் அவள் போட்டிருந்த கொடியில் காய்த்தது. மூக்கன் முந்தின நாள் இரண்டு தரம் கஞ்சி குடித்தான் என்று அவள் சொல்லிவிட்டுப் போனதாக என் மனைவி ஹபீபுன்னிசா சொன்னாள். அவரைக்காயைத் தேங்காய் போட்டு ஆக்கினாள். ருசியாகத்தான் இருந்தது.

இதற்கிடையில் லைன் முழுக்க வேறொரு கூத்து. காலையில் ஆள் எடுக்கிற மஸ்டரில் துரை சொன்னதை லிங்கசாமி தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. யார் எடை ரொம்ப ஆடுதோ அவங்க போகணும் என்றான். ஆட்டக் கணக்கு என்று நானும் அதற்குப் பெயர் வைத்தேன். அது ஒவ்வொரு வாயாக மாறிப் போய், ஆட்டம் போடுகிறவர்களுக்கு வேலை இல்லை என்று ஆகிவிட்டது. அந்த வாரம் ஒருத்தி தலையிலும் பூ இல்லை. தோட்டத்தில் பாடிக்கொண்டு கிள்ளுகிற கனகமணி வாயைத் திறக்கவில்லை. எதிரில் வந்தால் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு ஓரமாகப் போனார்கள். எனக்கு அதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. வீட்டில் சொல்லிச் சிரித்தேன்.

ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் ஆபீசில் உட்கார்ந்து தொண்ணூறு பேருக்கும் போட்டேன். ரெஜிஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, எண்ணைப் பார்க்க, கூட்ட, வகுக்க, அடுத்த பெயருக்குப் போக. பெயரைக்கூட நான் பார்க்கவில்லை, நம்பர்தான். கனகமணிக்குப் பதினைந்து வந்தது. மொத்தம் முப்பத்தொரு பேர் கோட்டைத் தாண்டினார்கள். துரை கேட்ட முப்பதுக்கு ஒன்றுதான் கூடுதல். செவ்வாய்க்கிழமை காலை துரையின் மேஜையில் வைத்தேன். மத்தியானம் பட்டியலில் கையெழுத்துப் போட்டு லிங்கசாமியிடம் கொடுத்துவிட்டார். நம்பருக்கு நேரே பெயர் எழுதும்போதுதான் லிங்கசாமி என்னிடம் வந்து கேட்டான். ராக்கம்மா பேரும் இருக்குதுங்களே என்றான்.

இருக்காது என்றேன். இருந்தது. நூற்றுக்கு இருபத்தைந்து.

மூன்று தரம் போட்டுப் பார்த்தேன். மூன்று தரமும் இருபத்தைந்து. விலகல் மூன்றுதான், நான் மனதில் போட்டது போலவே. அப்புறம் எப்படி? சராசரியைப் பார்த்தேன். பன்னிரண்டு என்று இருந்தது. பதினேழு எங்கே போயிற்று? பன்னிரண்டு, பதினேழு, எட்டு, பதினான்கு, ஒன்பது, பன்னிரண்டு. எல்லாம் என் கையெழுத்து. அப்போதுதான் உறைத்தது. என் காதில் இருந்தது தராசின் எடை. ரெஜிஸ்டரில் இருந்தது ஐந்து போக மிச்சம்.

எல்லா நாளும் ஒரே ஐந்தைக் கழித்தால் ஏற்ற இறக்கத்தில் எந்த மாற்றமும் வராது. அது மூன்றாகவே நிற்கும். ஆனால் சராசரி இறங்கிவிடும். மூன்றைப் பதினேழால் வகுத்தால் ஒரு விடை, பன்னிரண்டால் வகுத்தால் இன்னொரு விடை. கனகமணியின் நாற்பத்தைந்தில் ஐந்து போனால் அவளுக்கு அது தெரியக்கூடத் தெரியாது, ஒன்பதில் ஒரு பங்கு. ராக்கம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. எல்லாருக்கும் ஒரே ஐந்துதானே, பாரபட்சம் இல்லையே என்று பதினோரு வருஷம் நினைத்திருந்தேன். கணக்கில் தொண்ணூற்றாறு வாங்கியவன்.

சரி, கூடை என்று ஒன்று இருக்கிறதே, அதைக் கழிக்கத்தானே வேண்டும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டே எடை ஷெட்டுக்குப் போனேன். மூலையில் வெறும் கூடைகள் கிடந்தன. ஒன்றை எடுத்துத் தராசில் மாட்டினேன். பதினோரு வருஷத்தில் வெறும் கூடையை நான் தராசில் பார்த்ததே இல்லை. முள் இரண்டில் நின்றது. இன்னொன்றை மாட்டினேன். இரண்டு. ஏழு கூடை மாட்டினேன், ஏழும் இரண்டு.

அப்படியானால் ராக்கம்மாவின் நிஜமான சராசரி பதினைந்து. பதினைந்தில் மூன்று, சரியாக இருபது. இருபது வரை உள்ளே என்றுதான் துரை சொல்லியிருந்தார். கோட்டின் மேலேயே நின்றாள், ஆனால் உள்ளே நின்றாள். அந்த முப்பத்தொரு பேரில் இதே மாதிரி பதினொரு பேர் உள்ளே வந்தார்கள். எல்லாம் சின்னக் கூடைக்காரிகள். தாளை எடுத்துக்கொண்டு பங்களாவுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். தப்பைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. இரண்டாம் தரம் தோளில் தட்டுவார் என்று நினைத்தேனோ என்னவோ.

துரை வராந்தாவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். கணக்கு அவருக்கு உடனே புரிந்துவிட்டது. அதுதான் எனக்கு வந்த வினை. மண்டூகமாக இருந்திருந்தால் சரி போ என்று விட்டிருப்பாரோ என்னவோ. ரெஜிஸ்டரை எடுத்து வரச் சொன்னார். பக்கங்களைப் புரட்டினார். பிறகு என் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு இங்கிலீஷில் கேட்டார்.

“இந்த ஐந்து பவுண்டு, கூடையா, இலையா?”

இரண்டு பவுண்டு கூடை, மீதி மூன்று இலை என்றேன்.

“கூடை என்றால் உன் பட்டியல் சரி. இலை என்றால், தொண்ணூறு பேரிடமிருந்து தலைக்கு மூன்று பவுண்டு, தினமும், பதினோரு வருஷம் எடுத்திருக்கிறார்கள். யார் எடுத்தது? இது யாருடைய கையெழுத்து?”

குரலை உயர்த்தவே இல்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என் பதிலுக்காகக் காத்திருந்தார். அவர் மிரட்டியதாக நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பொய். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அந்த மூன்று பவுண்டு இலையும் தேயிலையாகி லண்டனுக்குத்தான் போனது, என் வீட்டுக்கு வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஐந்து கழிக்கச் சொன்னது எஸ்டேட்தானே என்று கேட்டிருக்கலாம். ஐந்து கழிக்கச் சொல்லி ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. எனக்கு முன்னால் இருந்தவர் வாயால் சொன்னது. அவரும் செத்துப் போய்விட்டார். இருந்தது என் கையெழுத்து மட்டும்தான். போலீஸ் ஸ்டேஷன் ஞாபகம் வந்தது. ஊட்டி மார்க்கெட்டில் அத்தா முகம் ஞாபகம் வந்தது. குவார்ட்டர்ஸ், ஹபீபுன்னிசா, அவள் வயிற்றில் ஐந்து மாதம்.

“கூடைதான் சார்” என்றேன்.

துரை தலையை ஆட்டினார். ரொம்ப நல்லது என்றார். இன்னொன்றும் சொன்னார். போகிறவர்கள் கூடையைத் திருப்பிக் கொடுக்கும்போது தராசில் மாட்டி, எடையை ஒரு தனி ரெஜிஸ்டரில் எழுதிவிடு, பிற்பாடு யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்றார். “ஐந்தாகத்தான் இருக்கும், இல்லையா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

திரும்பி வரும் வழியில் ராக்கம்மா நின்றுகொண்டிருந்தாள். லிங்கசாமி சொல்லிவிட்டிருந்தான். அழுகை இல்லை, சண்டை இல்லை. அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் விளங்கவில்லை.

“ரைட்டரய்யா, நானு என்னைக்குங்க ஆட்டம் போட்டேன்?”

அது அந்த ஆட்டம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் எந்த ஆட்டம் என்று கேட்பாள். கணக்கைச் சொன்னால் கழிவைச் சொல்ல வேண்டும். கழிவைச் சொன்னால் கூடையைச் சொல்ல வேண்டும். அவள் தன் பாட்டுக்குப் பேசினாள். நல்ல நாளில் கூடக் கிள்ளுவது குற்றமென்று தெரியாது, போன செவ்வாய்க்கிழமை வெயில் நன்றாக அடித்தது, கை மடங்கியது, சந்தோஷத்தில் இருபத்திரண்டு கிள்ளிவிட்டேன், அதைத்தான் ஆட்டம் என்று எழுதிவிட்டீர்களா என்று கேட்டாள். பாதிக் கிணறு அவளாகவே தாண்டியிருந்தாள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால் என்னைவிட நன்றாகக் கணக்குப் போட்டிருப்பாள் என்று அப்போது தோன்றியது. தோன்றி என்ன செய்ய?

எங்கூட்டுக்காரரை ஒரு மாசமாவது இங்க கிடக்க உடுங்க, வெயில் காலம் வந்ததும் கூட்டிட்டுப் போயிடறேனுங்க என்று கேட்டாள். துரையிடம் சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. இன்னொரு தரம் அந்த வராந்தாவில் ஏற எனக்குத் தெம்பில்லை.

வீட்டுக்கு வந்து ஹபீபுன்னிசாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டவில்லை. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வேறு என்ன பண்ணியிருக்க முடியும் என்று அவளைக் கேட்டேன். விறகை உள்ளே தள்ளிவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள்.

“அந்த அவரக்காய நாம தின்னிருக்கக் கூடாதுங்க.”

வெள்ளிக்கிழமை காலை கூடை திருப்புகிற நாள். முப்பத்தொரு பேரும் ஷெட்டின் முன்னால் வரிசையாக நின்றார்கள். உறைபனி விழுந்து புல்லெல்லாம் வெள்ளையாக இருந்தது. லிங்கசாமி ஒவ்வொரு கூடையாக வாங்கித் தராசில் மாட்டினான். அன்றைக்கு மட்டும் அவன் எடையைக் கத்தவில்லை. நான் முள்ளைப் பார்க்காமல் எழுதிக்கொண்டே போனேன். ஐந்து, ஐந்து, ஐந்து. பெண்கள் யாரும் தராசைப் பார்க்கவில்லை. அவர்களுக்கு அவரவர் மூட்டை முடிச்சு, அவரவர் பிள்ளைகள்.

ராக்கம்மா பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் இத்தனை வருஷமாகத் தினமும் அந்த முள்ளை அண்ணாந்து பார்த்து நின்றவள், எந்தக் கோடு எவ்வளவு என்பது மனப்பாடம். இடது கை விரலை நீட்டி, மேலேயிருந்து ஒவ்வொரு கோடாக எண்ணினாள். எண்ணுவதற்கு அதிகமில்லை. ஒன்று, இரண்டு. விரல் நின்றுவிட்டது. திரும்பி என்னைப் பார்த்தாள்.

“ஏனுங்க, கூடைக்கு அஞ்சுன்னு தானுங்களே எடுப்பீங்க? முள்ளு ரெண்டுலயே நிக்குது. மிச்சம் மூணு யாருதுங்க?”

லிங்கசாமி குனிந்து தரையைப் பார்த்தான். வரிசையில் நின்றவர்கள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. மழையில் நனைந்தால் கூடை கனக்கும், அதையும் சேர்த்துத்தான் ஐந்து என்று சொன்னேன். மழை பெய்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவள் வானத்தைப் பார்த்தாள், புல்லைப் பார்த்தாள், கடைசியில் என் பேனாவைப் பார்த்தாள்.

“செரிங்க” என்றாள்.

அவள் பெயருக்கு நேராக ஐந்து என்று எழுதினேன். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுதினேன்.

அரிசி மூட்டை இறக்கிவிட்டுத் திரும்புகிற மாட்டு வண்டி ஒன்று மேட்டுப்பாளையம் போவதாக இருந்தது. லிங்கசாமியும் வாட்ச்மேன் கந்தனும் மூக்கனைக் கம்பளியோடு தூக்கி வந்து வண்டியில் கிடத்தினார்கள். ஆட்டாம தூக்குங்க, ஆட்டாம தூக்குங்க என்று ராக்கம்மா கூடவே சொல்லிக்கொண்டு வந்தது ஆபீஸ் ஜன்னல் வரை கேட்டது. நான் வெளியே போகவில்லை. வண்டி திருப்பத்தில் மறைகிற வரைக்கும் ரெஜிஸ்டரில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். போட வேண்டிய கோடே இல்லை.

அடுத்த வாரம் வண்டிக்காரன் திரும்பி வந்தபோது சொன்னான். மலைப் பாதையில் ஒவ்வொரு குழிக்கும் வண்டி தூக்கிப் போட்டதாம். மூக்கன் உயிரோடு பர்லியார் தாண்டவில்லை. சாலையோரமாகவே புதைத்துவிட்டு, அவள் தனியாக நடந்து இறங்கிப் போனாளாம். எந்த ஊருக்கு என்று அவன் கேட்கவில்லை. எனக்கும் அதற்கு மேல் ஒரு சேதியும் வரவில்லை.

துரை அந்தக் கணக்கு முறையைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதினார். அதில் என் பெயரையும் ஒரு வரி போட்டிருந்தார். குன்னூர், கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட்டுகளிலிருந்தெல்லாம் ரைட்டர்கள் வந்து என்னிடம் கற்றுக்கொண்டு போனார்கள். கழிவு போட்ட எடையில் இதைப் போடக் கூடாது, தராசு காட்டும் முழு எடையிலும் போடக் கூடாது, கூடையின் நிஜ எடையை மட்டும் கழித்துவிட்டுப் போட வேண்டும் என்று அவர்களில் ஒருவரிடமும் நான் சொல்லவில்லை. சொன்னால், ஏன் என்று கேட்பார்கள்.

அதற்குப் பிறகும் பத்தொன்பது வருஷம் அதே நாற்காலியில் இருந்தேன். துரை போனார், வேறு துரை வந்தார், சுதந்திரம் வந்தது, தராசுகூட மாறியது. லிங்கசாமிக்குப் பின் வேறொருவன் நின்று எடையைக் கத்தினான். நான் கழித்து எழுதினேன். எப்போதாவது என் கணக்கை நானே போட்டுப் பார்ப்பேன். திங்கள் ஐந்து, செவ்வாய் ஐந்து, புதன் ஐந்து, வியாழன் ஐந்து, வெள்ளி ஐந்து, சனி ஐந்து. சராசரி ஐந்து. விலகல் ஒன்றுமில்லை. துரை போட்ட கோட்டின்படி, அந்த எஸ்டேட்டிலேயே ஆட்டம் போடாத ஒரே ஆள் நான்தான்.